துன்பத்தை அளக்க ஓர் அளவுகோல்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. நோயாளி படும் அவதியை எதைக்கொண்டு அளப்பது? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வியை மருத்துவ அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நாள்பட்ட குடல் அழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். கிரோன் நோய், பெருங்குடற்புண் அழற்சி என்பவை இதன் இரு முக்கிய வகைகள். குடலின் சுவர் வீங்கிப் புண்ணாகிறது. வயிற்றுவலி, அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், களைப்பு ஆகியவை அறிகுறிகள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் தணிவதும் மீண்டும் தலைதூக்குவதுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பள்ளிப் பருவத்திலும் வரலாம்.

இரத்தச் சோதனை அழற்சியைத் தெரிவிக்கும். அகநோக்கிக் கருவி புண்ணைக் காட்டும். ஆயினும், சோதனை முடிவுகள் ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவர் வேலைக்குப் போய்வரலாம். மற்றவர், வழியில் கழிப்பறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி வீட்டிலேயே இருக்கலாம். இந்த வேறுபாடு எந்தக் கருவிக்கும் புலப்படாது.

அப்படியானால் என்ன வழி? நோயாளியையே கேட்பதுதான்! கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையாட்டும் அவருடைய குழுவினரும் தங்களை வாட்டும் தொல்லைகள் எவை என்று நோயாளிகளிடமே கேட்டறிந்தனர். அவற்றிலிருந்து 32 வினாக்களைத் தேர்ந்தெடுத்து, 1989இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். குடல் தொல்லைகள் பற்றி 10, களைப்பு, தூக்கம் போன்ற உடல்நிலை பற்றி 5, மனநிலை பற்றி 12, பள்ளி, வேலை, நண்பர்களோடு பழகுதல் ஆகியவை பற்றி 5. கவனித்தீர்களா? குடல் நோய்க்கான பட்டியலில் குடலைவிட மனத்தைப் பற்றிய வினாக்களே மிகுதி!

கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பார்த்து நோயாளி விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மிக மோசம் என்றால் 1. தொல்லையே இல்லை என்றால் 7. ஆகவே மொத்தம் 32க்குக் குறையாது; 224க்கு மிகாது. மதிப்பெண் கூடினால் வாழ்க்கை நலம் கூடியிருக்கிறது என்று பொருள்.

இதை நம்பலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல தராசுக்கு இரண்டு குணங்கள் வேண்டுமல்லவா? எடை மாறாதபோது முள் அசையக்கூடாது. மாறினால் அசைய வேண்டும். வினாப்பட்டியலையும் இப்படித்தான் சோதித்தார்கள். நோய்நிலை மாறாதவர்களின் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே இருக்கிறதா, நலம் மாறியவர்களின் மதிப்பெண் மாறுகிறதா என்று பார்த்தார்கள். சராசரியாக வினாவுக்கு அரை மதிப்பெண், அதாவது மொத்தத்தில் 16 கூடினால், நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்று கொள்கிறார்கள்.

புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, புண் ஆறியதா என்பதோடு இந்த மதிப்பெண்ணையும் இன்று பார்க்கிறார்கள். ஒரு மருந்தால் ஒருவருடைய மதிப்பெண் 120இலிருந்து 128 ஆகிறது. வேறொரு மருந்தால் இன்னொருவருடையது 120இலிருந்து 145 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்விருவரில் தம் வாழ்க்கை மாறியிருப்பதாக உணர்பவர் யாராக இருக்கும்? நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.