கடைக்குட்டி கேட்டால்தான் பண்டிகை!

நாலு வயசு வாண்டுவை உட்காரவைத்து, "அந்தக் காலத்துல நம்ம முன்னோர்கள் எகிப்துல அடிமையா இருந்தாங்க..." என்று ஆரம்பித்துப் பாருங்கள். எழுந்து ஓடிவிடும்! யூதர்கள் கெட்டிக்காரர்கள். சரித்திரத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே பரிமாறிவிட்டார்கள்.

பாஸ்கா பண்டிகை இரவில் வீட்டின் கடைக்குட்டிதான் ஹீரோ. இன்றைக்கு மட்டும் ஏன் எல்லாமே மாறியிருக்கிறது என்று அது கேட்கவேண்டும். பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும். 'வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு' என்ற அதட்டலுக்கே இடமில்லை! அடிமை வாழ்வை நினைக்கக் கசப்புக் கீரை. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர். செங்கல் சாந்துக்கு ஆப்பிளும் கொட்டைகளும் சேர்த்த இனிப்பு விழுது. அவசரமாகத் தப்பி ஓடியதற்குப் புளிக்காத ரொட்டி. அதில் ஒரு துண்டை ஒளித்துவைத்துத் தேடவிடுவார்கள். கண்டுபிடித்தால் பரிசு! அப்புறம் தூக்கமாவது, கொட்டாவியாவது!

அமெரிக்காவின் யூத மழலையர் பள்ளிகளிலும் இதே வழிதான். கூடாரப் பண்டிகைக்கு இலைதழைக் குடில், ஹனுக்காவுக்குக் களிமண் விளக்கு...

டிசம்பரில் தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் மரம் மின்னும்போது, "நம்ம வீட்ல ஏம்மா இல்லை?" என்று குழந்தை ஏங்கும். பிரசங்கம் செய்தால் எடுபடுமா? தான் செய்த விளக்கில் எட்டு ராத்திரியும் தினம் ஒரு சுடர் கூட்டி ஏற்றுகிறதே, அதுதான் பதில். "இது நான் செஞ்சது!" என்று காட்டும் குழந்தைக்கு, தான் யார் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை!