சாவியைத் திருப்பிக் கொடுக்கும் ஊர்!

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே, கோடு போட்டுக் கட்டிய நெய்வேலிக்கு ஒரு நாள் பயணம்

விருத்தாசலம் யாரும் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அல்ல. பழமலைநாதர் கோயில் இருந்தது, மணிமுத்தாறு ஓடியது, கோயிலைச் சுற்றி வீதி வந்தது, வீதியை ஒட்டிக் கடை வந்தது, கடைக்குப் பின்னால் வீடு வந்தது. ஒரு சந்து எங்கே திரும்பும் என்பது அந்தச் சந்துக்கே தெரியாது. திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரே அதன் வயதைச் சொல்லும்.

அங்கிருந்து கடலூர் சாலையில் பஸ் ஏறுங்கள். மந்தாரக்குப்பம் வரும். அதையும் தாண்டி நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்தால், வேறு ஏதோ நாட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கும். நேர் நேரான சாலைகள். இரண்டு பக்கமும் குடை பிடிக்கும் மரங்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தோட்டம். ஊரே வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு எண் போடப்பட்டிருக்கிறது. 'எந்த ஊர்?' என்று கேட்டால், நெய்வேலிக்காரர்களுக்குள் அடுத்த கேள்வி, 'எந்த வட்டம்?' என்பதுதான்.

கிணறு தோண்டக் கிடைத்த கறுப்பு

இந்த ஊரின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு ஆய்வுகள் நடந்தன. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். தன் நிலத்தை வழங்கிய ஜம்புலிங்க முதலியாருக்கு நெய்வேலியில் சிலை இருக்கிறது.

தொடங்கியது எளிது, தோண்டியது எளிதல்ல. நிலக்கரி அடுக்குக்குக் கீழே, பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் காத்திருந்தது. இரவும் பகலும் தண்ணீரை இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே தோண்ட முடியும். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

அதற்குள் ஊரும் எழுந்துவிட்டது. வேலைக்கு வருபவர்கள் எங்கே தங்குவார்கள், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போவார்கள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே காகிதத்தில் வரைந்தார்கள். குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, விளையாட்டுத் திடல் எல்லாம் வரைபடத்தில் முதலில் வந்தன. மனிதர்கள் பிறகு வந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் நகரிய மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வரைபடத்தில் இல்லாமல், முன்பே இருந்ததும் உண்டு. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் அப்படி ஒன்று. பங்குனி உத்திரத்தன்று சுற்று வட்டாரமே காவடியோடு அங்கே திரண்டுவிடும். அன்றைக்கு ஒரு நாள், எண் போட்ட ஊர் பழைய கிராமமாக மாறிவிடும்.

மேலே வந்த மண்

சுரங்கம் இந்த ஊரின் பின்கட்டு. உள்ளே போக முன் அனுமதி வேண்டும். போய்ப் பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது நிலக்கரி அல்ல, மண். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். பல மாடிக் கட்டடம் போன்ற இயந்திரம் ஒன்று, வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வாரிக்கொண்டே இருக்கும். கன்வேயர் பெல்ட் அதைக் கொண்டுபோய்த் தொலைவில் மலையாகக் கொட்டும்.

அந்த மண்ணுக்குள் ஒரு பொக்கிஷம் இருந்தது: வெள்ளைக் களிமண். நெய்வேலித் திட்டம் மின்சாரத்துக்கு மட்டும் போடப்பட்டதல்ல. உரத் தொழிற்சாலை, நிலக்கரிக் கட்டி செய்யும் ஆலையோடு, களிமண் சுத்திகரிப்பு ஆலையும் அதில் சேர்ந்திருந்தது.

இந்த வட்டாரத்துக் களிமண்தான் விருத்தாசலத்தைச் செராமிக் ஊராக்கியது. அங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் மண்ணை அரைத்து, கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உள்ளே பிள்ளையாரோ கிருஷ்ணரோ தயாராகிவிடுவார். காயவைத்து, பிசிறு நீக்கி, சூளையில் சுட்டு, வண்ணம் பூசினால் கொலுப்படிக்குப் போகலாம். கார்த்திகைக்கு அகல் விளக்கு, டீக்கடைக்குக் கோப்பை, வீட்டு மின் இணைப்புக்கு வெள்ளை ஃபியூஸ் கட்டை என்று எத்தனையோ பொருள்கள். செராமிக் படிப்புக்கென்றே ஒரு கல்வி நிலையமும் விருத்தாசலத்தில் இருக்கிறது.

நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் நம் வீட்டுக்குள் வரும்போது, ஒரு காலத்தில் விருத்தாசலத்து ஃபியூஸ் கட்டையைத் தொட்டுக்கொண்டுதான் பல வீடுகளில் நுழைந்தது. இன்று அந்த இடத்தை எம்.சி.பி. சுவிட்சுகள் பிடித்துக்கொண்டன.

செனகலிலும் ஒரு நெய்வேலி

கோடு போட்டு ஊர் கட்டும் ஆசை இன்றும் உலகம் முழுவதும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் தலைநகர் டாக்கர், கடலுக்குள் நீண்ட ஒரு முனையில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. நெரிசலைக் குறைக்க, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி டியாம்னியாடியோ என்ற புதிய நகரத்தைக் கட்டிவருகிறார்கள். அரசு அலுவலகங்கள், மாநாட்டு மையம், 2022-ல் திறந்த பெரிய விளையாட்டு அரங்கம், டாக்கரிலிருந்து நவீன ரயில் எல்லாம் வந்துவிட்டன. அங்கேயும் அடியில் களிமண்தான். மழையில் வீங்கி வெயிலில் சுருங்கும் மண் என்பதால், அஸ்திவாரம் போடுவதே பொறியாளர்களுக்குச் சவால்.

கட்டடத்தைக் கட்டிவிடலாம். ஊர் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? அந்த நகரத்துக்கு இன்னும் பதில் தெரியாது. நெய்வேலிக்கு அறுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அது இரண்டு பாடங்களைச் சொல்கிறது.

யாருடைய வீடு?

முதல் பாடம், சாவி. நெய்வேலியில் குடியிருப்பு நிறுவனத்துடையது. அங்கே பிறந்து, அதே தெருவில் சைக்கிள் கற்று, அதே பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைக்கும் அந்த வீடு சொந்தம் இல்லை. முற்றத்து மாமரத்தை அப்பா நட்டிருப்பார். அம்மா முப்பது வருடம் தண்ணீர் ஊற்றியிருப்பார். பணி ஓய்வு வந்தால், சிறிது காலம் தங்க அனுமதி கிடைத்தாலும், ஒரு நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு வடலூர், விருத்தாசலம், கடலூர் என்று ஆளுக்கொரு திசையில் வீடு கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த வருடம் அந்த மரத்து மாங்காயை வேறொரு குடும்பம் ஊறுகாய் போடும். ஆண்டுதோறும் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிதான், ஊரை விட்டுப் போன பலருக்குத் திரும்பி வர ஒரு சாக்கு.

இரண்டாவது பாடம் இன்னும் கனமானது. கறுப்புத் தங்கம் எடுக்க, பச்சை வயல் போக வேண்டியிருக்கிறது. சுரங்கம் விரிய விரிய, கிராமங்கள் நிலத்தைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. இழப்பீடும் வேலையும் போதுமா என்ற கேள்வி தலைமுறை தாண்டியும் ஓயவில்லை. 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வளையமாதேவி வயல்களில் நெற்பயிர் நின்றபோதே இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. சுரங்கமும் நிரந்தரம் அல்ல. 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது.

மாலையில் விருத்தாசலம் திரும்பினால், மணிமுத்தாற்றங்கரையில் ஒரு பழைய கதை காத்திருக்கும். இறைவன் கொடுத்த பொன்னைச் சுந்தரர் இந்த ஆற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். நெய்வேலியின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். இங்கே மண்ணைப் போட்டார்கள். வெளிச்சத்தை எங்கெங்கோ இருக்கிற தென்மாநில வீடுகள் எடுத்துக்கொண்டன.

ஒரு வித்தியாசம் உண்டு. குளத்தில் எடுத்தவரும் சுந்தரரேதான். போட்டதை அவரே எடுத்தார். நெய்வேலியில் போட்டவர் ஒருவர், எடுத்தவர் வேறொருவர். அடுத்த புதிய நகரத்துக்குக் கோடு போடும்போது, முதலில் போட வேண்டிய கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.