பச்சை இலையும் பக்கத்துத் தட்டும்

டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கானிக் ஒயின் என்றாலே ருசி தனியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாட்டிலில் இருக்கும் பச்சை இலை முத்திரைக்குத் தோட்டத்தைத் தெரியும், ஒயின் போடும் கூடத்தையும் ஓரளவு தெரியும். உங்கள் நாக்கைத் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 வரை 'ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்' என்றுதான் அச்சிட முடிந்தது. அந்த ஆண்டு அறுவடையிலிருந்துதான் ஒயினுக்கே விதிமுறை வந்தது. கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட், இனிப்பில்லாத ஆர்கானிக் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே வகைச் சாதாரண ஒயினுக்கு 150 வரை போகலாம். களைக்கொல்லியும் ரசாயன உரமும் கிடையாது. அதற்காக மருந்தே அடிக்காத தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். நம் ஊர்த் திராட்சை விவசாயிக்கும் பழக்கமான அதே கலவைதான். மயில்துத்தத்தில் உள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோதான் அனுமதி. 2023-இல் மழை விடாமல் பெய்தபோது இத்தாலியின் அப்ரூட்சோ பக்கம் இந்த நோய் விளைச்சலைப் பெரிதாகச் சாய்த்துவிட்டது. வெயிலும் காற்றும் இலையைக் காயவைக்கும் சிசிலியில் பொதுவாக இந்தத் தொல்லை குறைவு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சிவப்பு ஒயினில் துவர்ப்பையும் புளிப்பையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் துவர்ப்புக்குக் காரணம். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு ஈறு இழுக்கிறது. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, டானின் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, கறியோடும் அதே கணக்குதான். ஃப்ளாரன்ஸில் கரி நெருப்பில் வாட்டி, நடுவில் சிவப்பாகவே விடும் தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கு கியாந்தி கிளாசிகோ ஒயினை ஊற்றுவது சும்மா இல்லை. அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், முரடாக இருக்கும். கறியை மென்று விழுங்கிவிட்டு மறுபடி குடித்தால், அதே ஒயின் மெத்தென்று இறங்கும். பின்னால் ஒளிந்திருந்த செர்ரிப் பழ வாசனை முன்னால் வரும். கியாந்தியில் ஆர்கானிக் வேண்டுமென்றால் பான்சானோ என்ற ஊர்ப் பெயரைத் தேடுங்கள். அங்கே பெரும்பாலான தோட்டங்கள் அந்த வழிக்கு மாறிவிட்டன.

தக்காளி பாஸ்தாவுக்கு இந்தத் துவர்ப்பு உதவாது, புளிப்புக்குப் புளிப்புதான் ஈடுகொடுக்கும். பியெமோந்தே பகுதியின் பார்பெரா ஒயினில் புளிப்பு தூக்கல், துவர்ப்பு மட்டு. அதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே தயாராகும் பரோலோவைத் திறந்தால் காசும் போச்சு, பாஸ்தாவும் போச்சு. பரோலோ வெளிறிய நிறத்தில் சாதுவாகத் தெரியும், வாயில் வைத்த பிறகுதான் அதன் கடுமை புரியும்.

மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பதும் பாதி உண்மைதான். சிசிலியின் ஃப்ராப்பாட்டோ திராட்சையில் துவர்ப்பு மிகக் குறைவு. அந்த ஒயினை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சுட்ட சூரை மீனோடு குடிக்கலாம். மிளகாய் போட்ட பண்டத்துக்கும் இதையே எடுப்பேன். துவர்ப்பும் ஆல்கஹாலும் ஏறிய ஒயின் காரத்தை அணைக்காது, இன்னும் கிளறிவிடும்.