காரின் கூரையில் படுக்கை அறை: பலகை அறுக்கும் முன் எக்ஸெல் திறங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கணக்கு எழுதுபவர்களுக்கு" என்று மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் குடும்பக் காரின் கூரை மீது படுத்துத் தூங்கும் வகையில் ஒரு கூண்டு கட்டலாம் என்று ஆசைப்பட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அந்த ஒர்க்ஷீட் இல்லாமல் போயிருந்தால், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உள்ளே உட்கார வைத்து, கார் தாங்காத சுமையைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போயிருப்பேன்.

இந்த யோசனை புதியதல்ல. 1970களில் கிழக்கு ஜெர்மனியில் கெர்ஹார்ட் முல்லர் என்பவர், டிராபன்ட் என்ற சிறிய காரின் கூரையில் விரித்துக்கொள்ளும் கூடாரம் ஒன்றை உருவாக்கினார். அந்தக் காரின் எஞ்சின் திறன் வெறும் 26 குதிரைத் திறன்தான். எனவே இது பெரிய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான வேலை அல்ல. ஆனால் காரின் அளவு எதுவானாலும், எடைக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

கையேட்டில் ஒரு எண்

உங்கள் காருடன் வந்த கையேட்டில் "ரூப் லோட்" என்ற தலைப்பைத் தேடுங்கள். ஓடும்போது கூரை தாங்கக்கூடிய அதிகபட்ச எடை அங்கே இருக்கும். குடும்பக் கார்கள் பலவற்றில் இது 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். என் காருக்கு 50 கிலோ. கேரியரின் எடையும் இந்த 50 கிலோவுக்குள்தான் அடங்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கேரியருக்கும் தனியாக ஒரு எடை வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ, அதையே நம் வரம்பாகக் கொள்ள வேண்டும்.

நிற்கும் காரின் கூரை இதைவிட அதிக எடையைத் தாங்கும். ஓடும்போது பிரேக் போட்டாலும், வளைவில் திரும்பினாலும், அந்த எடை கேரியரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. உயரத்தில் எடை ஏற ஏற, வண்டி சாயும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால்தான் இவ்வளவு குறைந்த வரம்பு.

ஒர்க்ஷீட் அமைப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். வழிமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரையிலான செல்களில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: பொருள், நீளம், அகலம், தடிமன், அடர்த்தி, எண்ணிக்கை, எடை. அளவுகள் எல்லாம் மீட்டரில் இருக்கட்டும். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் பொருளின் எடை. பிளைவுட்டுக்கு 650 கிலோ, மெத்தை போமுக்கு 30 கிலோ என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் முதல் திட்டம், 12 மி.மீ. பிளைவுட்டில் 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட பெட்டி. இரண்டாவது வரிசையில் தளமும் மேல் பலகையும்: 2.1, 1.2, 0.012, 650, 2. இப்போது ஜி2 செல்லில் கர்சரை வைத்து = அடையாளத்தை டைப் செய்திடவும். பின் பி2 செல்லில் மவுஸால் கிளிக் செய்து * அடையாளம் தரவும். இதே போல சி2, டி2, இ2 செல்களில் கிளிக் செய்து ஒவ்வொன்றுக்கும் பின் * தந்து, கடைசியாக எஃப்2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். 39.312 என்று விடை கிடைக்கும். அதாவது 39.3 கிலோ.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். தடிமனை மீட்டராக மாற்றாமல் 12 என்றே டைப் செய்தேன். விடை 39,312 கிலோ! கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதைக் காட்டிவிட்டு நின்றது. நாம் தரும் எண் சரியா என்று அதற்குத் தெரியாது. எனவே வரும் விடை நடக்கக்கூடியதுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்த வரிசைகளில் நீளப் பக்கச் சுவர்கள், அகலப் பக்கச் சுவர்கள், 7.5 செ.மீ. மெத்தை ஆகியவற்றின் அளவுகளைத் தரவும். பார்முலாவை மீண்டும் டைப் செய்திட வேண்டாம். ஜி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். கேரியர் 6 கிலோ, கீல் மற்றும் போல்ட்கள் 4 கிலோ, ஏணி 5 கிலோ ஆகியவற்றை எடை செல்லில் நேரடியாகவே தந்துவிட்டேன். ஜி9 செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டுத்தொகை வந்துவிடும். ஜி10 செல்லில் வரம்பான 50. ஜி11 செல்லில் ஜி10-லிருந்து ஜி9-ஐக் கழிக்கும் பார்முலா.

என் மொத்தம் 83 கிலோ. ஜி11 செல்லில் மைனஸ் 33. மறுநாள் தச்சர் வருவதாக இருந்தது. போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

எண்ணை மாற்றினால் திட்டம் மாறும்

ஒர்க்ஷீட்டின் உண்மையான பலம் இங்கேதான். தடிமன் செல்களில் 0.012 என்பதை 0.006 ஆக்கினேன். கண் இமைக்கும் நேரத்தில் மொத்தம் 51.9 ஆனது. "2 கிலோதானே, போகட்டும்" என்று மனம் சொன்னது. பக்கத்தில் நின்ற மனைவி, "போர்வை, தலையணை எல்லாம் எந்த வரிசையில் இருக்கிறது?" என்று கேட்டார். எந்த வரிசையிலும் இல்லை!

ஷீட்டின் பெயர் உள்ள டேபில் ரைட் கிளிக் செய்து அதை ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன். பழைய திட்டம் அப்படியே இருக்கும். புதியதில் துணிந்து மாற்றலாம். இந்த முறை மரச்சுவர்களையும் மேல் பலகையையும் நீக்கிவிட்டேன். தளத்துக்கு மட்டும் 6 மி.மீ. பிளைவுட் 9.8 கிலோ, அதைத் தாங்கும் அலுமினியச் சட்டம் 9 கிலோ, மேலே மடக்கி விரிக்கும் கான்வாஸ் துணி 5.6 கிலோ, 5 செ.மீ. மெத்தை 3.8 கிலோ, கேரியர் 6, போல்ட் வகைகள் 4. மொத்தம் 38.2 கிலோ. ஏணியும் படுக்கைத் துணிகளும் டிக்கிக்குப் போயின.

கணக்கோடு நிற்க வேண்டாம்

ஒவ்வொரு பாகத்தையும் பூட்டுவதற்கு முன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டில் உள்ள எடை மெஷினில் ஏறி நின்றேன். வந்த எடையிலிருந்து என் எடையைக் கழித்தால் பாகத்தின் எடை. பெயின்ட், பசை, கூடுதல் பட்டைகள் என்று உண்மையான மொத்தம் 42.5 கிலோ ஆகிவிட்டது. ஷீட்டில் 11.8 கிலோ மீதி வைத்திருந்ததால் தப்பித்தேன். நீங்களும் வரம்பைத் தொடும் அளவுக்குத் திட்டமிடாதீர்கள்.

நிற்கும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று என் கையேட்டில் இல்லை. எனவே தூங்கும் நேரத்தில் நான்கு மூலைகளிலும் தரையில் ஊன்றும் கால்களைப் பொருத்தினேன். ஆட்களின் எடை பெரும்பாலும் தரைக்குப் போய்விடும். அப்படியும் இருவர் மட்டுமே மேலே. மற்ற இருவருக்குக் கீழே சாதாரணக் கூடாரம்.

இன்னும் சில குறிப்புகள். காரின் உயரத்தையும் மேலே உள்ள கூண்டின் உயரத்தையும் ஒரு செல்லில் கூட்டி வைத்து, உங்கள் வீட்டு போர்ட்டிகோ உயரத்துடன் ஒப்பிடுங்கள். கூண்டின் உள்ளே அடுப்பு பற்ற வைக்கவே கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வாகனத்தின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. எனவே துளை, வெல்டிங் எதுவும் இன்றி, கழற்றி வைக்கும் வகையில் திட்டமிட்டாலும், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சட்டத்தையும் போல்ட்களையும் விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே சாலைக்குக் கொண்டு போங்கள்.

கூரைக் கூண்டு வேண்டாதவர்கள் புத்தக அலமாரிக்கோ, பரணுக்கோ இதே ஒர்க்ஷீட்டை அமைத்துப் பாருங்கள். பைலை மறக்காமல் சேவ் செய்திடவும். அறுத்த பலகையை மீண்டும் ஒட்ட முடியாது. தவறாகப் போட்ட எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.