மார்கழிக் குளிரில் கோழிக்குஞ்சுக்குச் சூடு

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கினால் மார்கழியில் இருபது, முப்பது போய்விடுகிறது என்ற புகார் ஆண்டுதோறும் வருவதுதான். பெரும்பாலும் பழி நோயின் மேல் விழுகிறது. மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் இரவு மூன்று மணிக்கு டார்ச் லைட்டோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி மூலையில் குவிந்து கிடக்கும். அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகின்றன.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் இரண்டு வாரம் சரிவர இருக்காது. இறகு முளைக்கும்வரை தாய்க்கோழியின் இறக்கைதான் அதற்குப் போர்வை. தாயில்லாத குஞ்சுக்கு அந்தச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். கோடையில் இரண்டு வாரத்தில் விளக்கை எடுத்துவிடுபவர்கள்கூட மார்கழி, தையில் மூன்று, நான்கு வாரம் வைத்திருப்பது நல்லது.

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது பொதுக்கணக்கு. குளிர் அதிகமான ஊர்களில் 3 வாட் வைக்கலாம். நூறு குஞ்சுக்கு 200 வாட் பல்பு ஒன்றைவிட 100 வாட் பல்பு இரண்டு மேல். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். இப்போது பலர் செய்யும் தவறு, மின்சாரச் செலவுக்குப் பயந்து எல்.இ.டி. பல்பைத் தொங்கவிடுவது. அது வெளிச்சத்துக்குத்தான் உதவும். குஞ்சுக்குச் சூடு தராது. பழைய குண்டு பல்பே வேண்டும். தேடி வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். பல்பை வயரில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியிலும் கட்ட வேண்டும். அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையே எரியும். பல்பின் மேல் மூங்கில் கூடையோ தகர மூடியோ கவிழ்த்தால் சூடு மேலே போகாது. கூடையானால் பல்பு அதைத் தொடாதபடி இடைவெளி இருக்கட்டும்.

சூடு சரியா என்பதைக் குஞ்சே சொல்லும். விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். பல்பைச் சற்று இறக்குங்கள். ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், உயர்த்துங்கள். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. எங்கும் பரவி இரை எடுத்தால் நிம்மதியாக உறங்கப் போகலாம். சுற்றுத் தடுப்பை வட்டமாக, ஒன்றரை அடி உயரத்தில் அமைத்தால் குஞ்சு குவிய மூலை இருக்காது.

கரண்ட் போனால் என்ன செய்வது? வெந்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்தால் ஓரிரு மணி நேரம் தாங்கும். கரிச்சட்டி வைப்பவர்கள் வெளியிலேயே புகை அடங்கும்வரை கனியவிட்டு, கோழி நெருங்காதபடி வலை சுற்றி வைக்க வேண்டும். புகை தெரியாவிட்டாலும் கரியிலிருந்து நச்சுக்காற்று வரும். அந்தக் கொட்டகையில் காவலுக்கென்று யாரும் படுக்கவே கூடாது.

குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் சாக்கால் இறுக மூடுவதும் ஆபத்தே. எச்சத்தின் அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும், சளி பிடிக்கும். சாக்கைக் கீழிருந்து கட்டி, மேலே ஓரடி திறந்து விடுங்கள். உமி ஈரமானால் உடனே அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் கிளம்பும். காலையில் குடிநீரை வெதுவெதுப்பாக வையுங்கள். குளிர்ந்த நீரைக் குஞ்சு குடிக்காது, நீர் குடிக்காத குஞ்சு இரையும் எடுக்காது.