நீலகிரிக் குழந்தை, புனா நகரின் தாய்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் இரண்டு கவலைகள் இணைபிரியாமல் உலவுகின்றன. நம் மக்கள் தாய்மொழியை மறந்துவிடுவார்களோ என்பது ஒன்று. வாழும் ஊரின் மொழியையும் மாந்தரையும் அறியாமல் என்றென்றும் அயலாராகவே நின்றுவிடுவார்களோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் எண்ணி மயங்குவோர், நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலே உழைத்து மறைந்த ஆசிரியை ஒருவரின் வாழ்க்கையைச் சற்றே நினைவுகூர்தல் நலம். அவர்தாம் பிரான்சினா சொராப்ஜி அம்மையார்.

அம்மையாரின் மகள் கார்னீலியா சொராப்ஜியின் பெயரைப் பலர் அறிவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சட்டத் தேர்வு எழுதிய முதற் பெண்மணி என்று அவர் புகழ்பெற்றார். ஆயினும் மரத்தைப் புகழ்வோர் வேரை மறந்துவிடுதல் உலக இயல்பு. அந்த வேரைப் பற்றிச் சில சொற்கள் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

பிரான்சினா அம்மையார் 1833ஆம் ஆண்டை ஒட்டித் தென்னாட்டிலே பிறந்தவர். நீலகிரி மலையில் வாழும் தோடர் மரபில் தோன்றியவர் என்று அவர் குடும்ப வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஆகவே அவர் நம் மலைச்சாரலின் குழந்தை என்று கொண்டாடுவதில் பிழையில்லை. பன்னிரண்டு வயதளவில் கார்னீலியா ஃபோர்டு என்னும் ஆங்கிலச் சீமாட்டி அவரை மகளாக ஏற்று வளர்த்தார். பிறந்த மொழி, பிறந்த மலை, பிறந்த குலம் ஆகிய மூன்றினின்றும் அச்சிறுமி பிரிந்தாள். வளர்த்த அன்னையின் அன்பையோ அவர் தம் வாழ்நாள் முழுதும் போற்றினார். பின்னாளில் தம் மகளுக்குக் கார்னீலியா என்று பெயரிட்டது அந்நன்றியின் அடையாளமே.

அம்மையாரை மணந்தவர் சொராப்ஜி கர்செட்ஜி என்பவர். பார்சி குலத்தில் பிறந்து, இளமையிலேயே கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவி, அதன் பொருட்டு உற்றார் உறவினரின் சினத்துக்கு ஆளாகி, பிற்காலத்தில் குருப்பட்டம் பெற்றவர். நாசிக் நகரையடுத்த சரண்பூர்க் கிறிஸ்தவக் குடியிருப்பு இவர்களுடைய வாழ்வோடு தொடர்புடையது. ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தினின்று மீட்கப்பட்ட சிறுவர்களும் அங்கே எழுத்தும் கைத்தொழிலும் பயின்றனர். குலமும் சுற்றமும் இழந்த குழந்தைக்குக் கல்வி எத்தகைய ஊன்றுகோல் என்பதை அம்மையார் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. தம் வாழ்விலே கண்டார், சரண்பூரிலும் கண்டிருப்பார்.

பின்னர்க் குடும்பம் புனாவில் நிலைபெற்றது. இன்று புனே என்று வழங்கும் அந்நகரில் 1848ஆம் ஆண்டிலேயே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்பள்ளி தொடங்கியிருந்தனர். ஆயினும் 1870களிலும் பெண் கல்வி என்றால் முகம் சுளிப்போர் மிகுதி. சாதிக்கொரு தெரு, சமயத்துக்கொரு வாசல் என்று ஊர் பிரிந்து கிடந்தது. அத்தகைய நாளில், 1876ஆம் ஆண்டில், அம்மையார் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியை நிறுவினார். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், பார்சியர், யூதர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய பல வகுப்புக் குழந்தைகளும், ஆணும் பெண்ணுமாக, அங்கே ஒன்றாக அமர்ந்து படித்தனர்.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. எல்லாரையும் ஆங்கிலப் பள்ளிக்கு அழைத்துவிட்டால் கல்வி பரவிவிடும் என்று அவர் கருதவில்லை. ஆங்கிலம் அறியாத வீட்டுக் குழந்தைகளுக்கென மராத்தியில் ஒரு பள்ளி, குஜராத்தியில் ஒரு பள்ளி, உருதுவில் ஒரு பள்ளி என்று தனித்தனியே நடத்தினார். பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்களே முன்வர வேண்டும் என்பதை உணர்ந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் அளித்தார். பொருள் முட்டுப்பட்டபோது கடல் கடந்து இங்கிலாந்து சென்று, கூட்டங்களில் பேசி நிதி திரட்டினார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தம் பிறப்பு மொழியை இளமையிலேயே பிரிந்த ஒருவர், பிறர் குழந்தைகளுக்கு அவரவர் மொழியிலேயே கல்வி கிடைக்க வழி செய்தார். தமக்குக் கிட்டாததைப் பிறருக்குத் தருவதே தாயுள்ளம். அவர் இல்லத்திலும் இதுவே நெறி. வீட்டின் ஒழுகலாறும் பேச்சும் பெரும்பாலும் ஆங்கில முறையில் அமைந்திருந்தன. ஆனால் தாம் வாழும் நாட்டு மக்களின் மொழிகளைப் பிள்ளைகள் கற்றே ஆக வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்தியதாகக் கார்னீலியா எழுதியிருக்கிறார். வீட்டு மொழி வீட்டில் நிற்க, ஊர் மொழியும் நாவில் ஏற வேண்டும். ஒன்றை வளர்க்க மற்றொன்றை வெட்ட வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

அம்மையார் ஆழ்ந்த பக்தி உடையவர். கிறிஸ்து நாதரிடத்து அவர் கொண்ட விசுவாசம் வாழ்நாளின் இறுதிவரை தளரவில்லை. மதம் மாறிய குடும்பத்தை இரு புறத்தாரும் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. தம்மவர் என்று முழுமையாக ஏற்க ஆங்கிலேயரும் தயங்குவர்; நம்மவர் என்று சொல்ல ஊராரும் தயங்குவர். அத்தகைய நடுவிடத்தில் நின்றும் அவர் தம் சமயத்தை மறைக்கவுமில்லை. அதனை வேலியாக்கிப் பிறரைத் தள்ளி வைக்கவுமில்லை. உருது பேசும் முஸ்லிம் சிறுமிக்கும் மராத்தி பேசும் இந்துச் சிறுமிக்கும் பள்ளி அமைத்தது அந்தப் பக்தியின் செயல் வடிவமே. பக்தி என்பது தொழும் இடத்தோடு முடிந்துவிடாமல் தெருவில் இறங்கி நடக்கும்போதுதான் ஊர் அதனை நம்புகிறது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. பெண்களுக்கு அது பட்டப்படிப்பின் வாயிலைத் திறந்ததோ 1883இல்தான். அம்மையாரின் பள்ளி தொடங்கியது அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர். திறக்கப்படாத கதவுக்கு முன்னே பெண்களை ஆயத்தம் செய்து நிறுத்திய துணிவை என்னென்பது! கதவு திறந்ததும் அவர் மகள் கார்னீலியா உள்ளே புகுந்தார். புனாவின் டெக்கான் கல்லூரியில் பயின்று தேர்வில் முதன்மை பெற்றார். பெண் என்ற காரணத்தால் இங்கிலாந்து செல்லும் அரசாங்க உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. நண்பர் பலர் பொருள் திரட்டி உதவ, 1889இல் ஆக்ஸ்போர்டு சென்று 1892இல் சட்டத் தேர்வு எழுதினார்.

மகள் சட்டம் பயிலக் காரணமாயிருந்ததும் அன்னையே. கார்னீலியா சிறுமியாய் இருந்த நாளில், சொத்தைப் பறிகொடுத்த கைம்பெண் ஒருத்தி அம்மையாரிடம் வந்து அழுதாளாம். இத்தகைய பெண்களுக்கு உதவ விரும்பினால் சட்டம் படி என்று அன்னை மகளுக்கு அறிவுரை கூறினாராம். அச்சொல் வித்தாயிற்று. திரைக்குள் அடங்கி வாழ்ந்த மகளிர் நூற்றுக்கணக்கானோரின் சொத்துரிமைக்காகக் கார்னீலியா பின்னாளில் உழைத்தார். மற்றொரு மகள் ஆலிஸ் மருத்துவம் கற்று எல்லைப்புறத்துப் பன்னு நகரில் நோயாளர்க்குத் தொண்டு புரிந்தார். இன்னொரு மகள் சூசி, அன்னையின் வழியிலேயே புனாவில் புனித ஹெலெனா பள்ளியை 1908இல் நிறுவினார். அப்பள்ளி இன்றும் புனே நகரில் நடைபெற்று வருகிறது. பெண் குழந்தைகள் பலர் பிறந்ததைக் கண்டு இரங்கியோர் அந்நாளில் இருந்திருப்பர். அவர்களுக்குக் காலமே விடை கூறிவிட்டது.

கணவர் 1894இல் மறைந்தார். அதன் பின்னும் அம்மையார் தம் பணியைத் தொடர்ந்தார். முதுமையில் ஓய்வு பெற்று, மணவாழ்வின் முற்பகுதியைக் கழித்த நாசிக் நகருக்கே திரும்பி, 1910ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் மறைந்து 24 ஆண்டுகளுக்குப் பின், 1934இல் இங்கிலாந்தில் பிறந்த பேரர் ரிச்சர்ட் சொராப்ஜி தத்துவப் பேராசிரியராய்ப் புகழ்பெற்றார். பாட்டியை நேரில் கண்டறியாத அப்பேரர், 2010ஆம் ஆண்டில், அதாவது பாட்டி மறைந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அத்தை கார்னீலியாவின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தில் கல்விவிளக்கு அணையவில்லை. பாட்டிமார் விட்டுச் செல்லும் சொத்துக்களில் பங்காளிச் சண்டைக்கு இடமில்லாத சொத்து இது ஒன்றே அன்றோ?

சகோதரிகளே, சகோதரர்களே! நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை அனுப்புவதில் நம்மிற் பலர் சோர்வு காட்டுகிறோம். பள்ளியிலே மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் இருக்கின்றன, நான்காவது சுமை எதற்கு என்று வினவுகிறோம். வேறு சிலரோ, தமிழ் போதும், மராத்தி எதற்கு என்று அண்டை வீட்டாரோடும் பேசாமலே காலம் கழிக்கிறோம். அம்மையாரின் வாழ்வு இரு சாராருக்கும் விடையளிக்கிறது. மொழி சுமையன்று, அது ஒரு வாசல். வாசல் மிகுந்த வீட்டில் காற்றும் ஒளியும் மிகும்.

அடுத்த முறை நாசிக்குக்கோ புனேக்கோ செல்லும் அன்பர்கள், கோதாவரித் துறையையும் கோட்டைகளையும் காட்டுவதோடு நில்லாமல், நீலகிரியில் பிறந்த ஆசிரியை ஒருவர் இவ்வூர்களில் வாழ்ந்தார் என்ற செய்தியையும் தம் குழந்தைகளுக்குச் சொல்லுவார்களாக. அச்செய்தியைத் தமிழிலே சொல்லுவார்களாக. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மராத்தியிலும் சொல்லுவார்களாக.