பத்திரத்தில் இருப்பதும் பத்திரத்தில் இல்லாததும்

"வாடகைக்குக் கொடுக்கிற பணத்தை பாங்குக்குக் கட்டினா, வீடாவது நம்மளோடது ஆகுமே!" இந்தப் பேச்சு எழாத குடும்பம் உண்டா? துறைமுகத்திலும் மணலித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்கள், ராயபுரத்து வாடகை கட்டி மாளாமல், திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று வடக்கே வீடு தேடிப் போகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

விற்பவர் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆனால் எந்தக் குறையை? தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை மட்டும்! நீங்கள் கொஞ்சம் விசாரித்தாலே தெரிந்திருக்கும் என்றால், "அவர் சொல்லலையே" என்று பிறகு அழுது பயனில்லை. ஆகவே, கவனிக்க வேண்டியது நம் வேலை.

முதலில் பத்திரங்கள். கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அசலையும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களையும் கேளுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். ஆனால் பதிவான விவகாரம் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் குடும்பத் தகராறோ வராது. அதனால், "அப்பா சொத்துங்க" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட வந்தால், "அக்கா தங்கச்சி இருக்காங்களா?" என்று கேளுங்கள். மகள்களுக்கும் பங்கு உண்டு. பவர் பத்திரத்தைக் காட்டி விற்கிறார்களா? வெறும் பவர் பத்திரம் சொத்துரிமை தராது என்று உச்ச நீதிமன்றமே 2011ல் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பட்டா. பெயரும் சர்வே எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப் போகிறதா? நிலம் எந்த வகை? புறம்போக்கு, ஓடை, நீர்நிலை என்றிருந்தால் எத்தனை அழகான வீடானாலும் திரும்பி வந்துவிடுங்கள். வாரியக் குடியிருப்பு என்றால், ஒதுக்கீட்டு ஆணை வேறு, விற்பனைப் பத்திரம் வேறு என்பதை மறக்காதீர்கள்.

நான்காவது அனுமதி. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி எண் கேளுங்கள். அனுமதி பெறாமல் 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைகளுக்கு, 2017ல் வந்த விதிகளின்படி வரன்முறை ஆணை இருக்க வேண்டும். கடலும் கழிமுகமும் பக்கத்தில் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா? உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகள் நீள்கின்றன. கழிமுகக் கரைகளுக்கும் உண்டு. "பின்னாடி ஒரு மாடி எடுத்துக்கலாங்க" என்று புரோக்கர் சொல்வது நடக்குமா என்பது இதில்தான் இருக்கிறது.

இத்தனையும் சரி. இனி பத்திரத்தில் இல்லாத சங்கதிக்கு வருவோம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். தண்ணீர் போகும் வழி இது என்று ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்புப் படிவு. அதே மாதம் 26ம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதெல்லாம் எந்த வில்லங்கச் சான்றில் வரும்?

அதற்கு வேறு 'பத்திரங்கள்' இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மாவிடம், "வெள்ளத்துல தண்ணி எவ்வளவு ஏறிச்சுக்கா?" என்று கேளுங்கள். கையை உயர்த்திக் காட்டுவார். "தண்ணி எங்கேருந்து பிடிக்கிறீங்க? ராத்திரி வாடை வருமா? குழந்தைங்களுக்கு இருமல் வருதா?" இவற்றையும் கேளுங்கள். கைக்குழந்தையோ, மூச்சிரைப்பு உள்ள மாமியாரோ வீட்டில் இருந்தால் இந்தப் பதில்கள் பட்டாவைவிட முக்கியம். சுவரில் அடியிலிருந்து ஒரே மட்டத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால், காரணம் கேளுங்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

"பாங்க்லயே லோன் குடுத்துட்டாங்க, பத்திரம் சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். பாங்கு வக்கீல் பாங்கின் பணத்துக்குக் காவல், உங்களுக்கு அல்ல. உங்கள் தரப்பில் ஒரு வக்கீலிடம் காட்டிக் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். புதிய அடுக்குமாடி என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பதிவான திட்டத்தில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை வந்திருக்கிறது. அந்தச் சலுகைக்காகப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறலாம். பெயர் ஏறினால் பொறுப்பும் ஏறும். "அவர் எல்லாம் பார்த்துக்குவார்" என்று இருந்துவிடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். புடவை வாங்கும்போது பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நமக்கு, வீட்டைப் பார்க்கத் தெரியாதா என்ன?